பரபினா எந்தப் பக்கம்?

“எத்தனை வளையம் வேணும்?”

“பத்தொன்பது.”

“ஒண்ணு கட்டி முடிக்க எனக்கு மூணு வாரம் ஆகும். பரவாயில்லையா?”

“எனக்கு அவசரம் இல்ல. செடிங்களுக்குத்தான் அவசரம். நீ எத்தனை நாள் இங்க இருப்ப?”

“கல்லு இருக்கிற வரைக்கும்.”

“நல்லா சொன்ன போ. இந்தத் தீவுல கல்லுக்கா பஞ்சம்?”

கேவா ஒரு கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தான். அவன் சிரித்தானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா என்று மேராஹிக்குப் பிடிபடவில்லை. எரிமலைச் சரிவில் காற்று தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அது ஐந்து வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘இரு’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகப் பத்தொன்பது செடிகளுக்கு இடம் காட்டி, அவற்றைச் சுற்றிக் கல்வளையம் கட்டச் சொன்னாள் மேராஹி. வளையம் கட்டுகிறவன் ஊரில்தானே இருந்தாக வேண்டும்?

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை விமானத்தில் கேவா கடல் தாண்டி, பெருநிலமான அக்கரைக்குப் போகிறான். வால்பரைசோவில் வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பத்தொன்பது வளையங்களும் முடிந்து, மாடு இடித்த இடங்களைப் பூசி ஒட்டுகிற வேலையும் முடிந்து, போன மாதம் முழுக்க அவன் மேராஹியின் நாற்றங்காலில் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குக் கதவுக்கு எண்ணெய் போடுவான்?

“மூணாவது தடவை விதை வந்துச்சுன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்” என்று மட்டும் சொல்லியிருந்தான். மூன்றாவது தடவை வரவேண்டியவை நாற்பது விதைகள். நாற்பது விதை என்றால் நாற்பது வளையம். மேராஹி மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். இரண்டேகால் வருஷத்துக்கு மேல் வந்தது.

அந்த விதைகளைத் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவள் மத்தியான விமானத்தில் வந்து இறங்கினாள். பெயர் அம்பாரோ. அக்கரையில் ஒரு பெரிய தாவரத் தோட்டத்தில் வேலை பார்க்கிற டாக்டர். ஐம்பது வயதிருக்கும். வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது. மேராஹி கழுத்தில் போட்ட பூமாலையைக் கழற்றாமலேயே நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“சாப்பாடு அப்புறம். முதல்ல அந்தக் காயைக் காட்டுங்க. மூணு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல எனக்கு.”

வண்டியின் பின்சீட்டில், சூரைமீன் அடைத்துப் பொரித்த எம்பனாடாக்களைத் துணியில் மூடி மடியில் வைத்துக்கொண்டு, மேராஹியின் தாய் ஊகா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் அவளுக்கு எம்பனாடா கடை. ஊருக்கு யார் வந்தாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவாள்.

“நூவா, நீங்க எதுக்கு?” என்றாள் மேராஹி. இந்த ஊரில் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“டாக்டர் பொண்ணு பசியோட வருவா. நீ மரத்தைக் காட்டுவ. சோத்தை யாரு காட்டுறது?”

வண்டி சிவப்பு மண் பாதையில் ஏறியது. தோரோமீரோ என்பது இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் முளைக்காத மரம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளரும். மஞ்சளாகப் பூக்கும், இரும்பு மாதிரிக் கட்டை. கடைசியாக இருந்த ஒற்றை மரம் எரிமலைக் குழிக்குள் நின்றது. மேராஹி பிறப்பதற்கு முன்பே அதையும் யாரோ வெட்டிவிட்டார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் வந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரர் அதிலிருந்து ஒரு கைப்பிடி விதை எடுத்துப் போயிருந்தார். அந்தக் கைப்பிடிதான் ஸ்வீடனில் கண்ணாடி வீட்டுக்குள்ளும் அக்கரைத் தோட்டங்களிலும் தொட்டிகளில் வளர்ந்தது. தன் ஊரில் ஒன்றுகூட இல்லாமல், அறுபது வருஷமாக அடுத்தவர் வீட்டில் விருந்தாளியாகவே உயிர் வாழ்ந்த மரம். பலமுறை திரும்பக் கொண்டுவந்தும் நட்டார்கள். ஒவ்வொரு முறையும் செத்துப்போனது. உப்புக்காற்று, மாடு, வறட்சி என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம். கடைசியில், முன்னோர்கள் வாழைக்கும் கிழங்குக்கும் கட்டியது போல இடுப்புயரக் கல்வளையம் கட்டி நடுவில் நட்டுப் பார்க்கலாம் என்று அக்கரைத் தோட்டத்துக்கு எழுதிப் போட்டவள் மேராஹி. கட்டத் தெரிந்த ஆள் ஒருவன் ஊருக்குத் திரும்பியிருந்தான் என்பதை அவள் எழுதவில்லை.

சரிவில் கேவா ஒரு வளையத்தின் ஓரத்தில் குனிந்து, மாடு தள்ளிவிட்ட கல்லை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை போகிறவனுக்கு இது தேவையே இல்லாத வேலை.

அம்பாரோ ஒவ்வொரு வளையமாக எட்டிப் பார்த்தாள். பத்தொன்பதில் பதினொன்று உயிரோடு இருந்தன. அவள் வாய்விட்டே எண்ணினாள். பதினோராவது வளையத்துக்கு வந்ததும் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு மரம் மட்டும் பூத்து, காய்த்திருந்தது. நான்கு காய்கள், மணிகளைக் கோத்த மாதிரி தொங்கின.

“அழாதீங்க டாக்டர்” என்றாள் ஊகா. “எம்பனாடா ஆறிடும்.”

“நான் அழல. காத்து.” அம்பாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “சரி. இது எந்த எண்? ஸ்வீடன் விதையா, எங்க தோட்டத்து விதையா?”

இந்தக் கேள்வி வரும் என்று மேராஹிக்குத் தெரியும். பதில்கூடத் தயாராகத்தான் வைத்திருந்தாள். 

“எண் இல்ல, டாக்டர். பேர் இருக்கு.”

மரத்தடியில் ஒரு தட்டைக்கல். அதில் வெள்ளைப் பெயின்டில் ‘பரபினா’ என்று எழுதியிருந்தது. அம்பாரோ எழுந்து பக்கத்து வளையத்தைப் பார்த்தாள். ‘ஹிலாரியா’. அதற்கடுத்து ‘தெபானோ’.

“தகரத்துல எண் அடிச்சு ஒவ்வொரு விதையோடயும் சீட்டு அனுப்பினோமே? அதெல்லாம் எங்க?”

“டப்பால இருக்கு.”

“பத்திரமாவா?”

“ரொம்பப் பத்திரமா.”

அம்பாரோ நோட்டை மூடிவிட்டாள்.

ஊகாவுக்குப் பொறுக்கவில்லை. “நான்தான் எடுக்கச் சொன்னேன். எண்ணு ஆட்டுக்குப் போடுறது. அந்தக் காலத்துல ஆட்டுக் கம்பெனிக்காரன் தீவு முழுக்க ஆடு விட்டு எண்ணு போட்டான். எங்க ஆளுங்களையும் வேலிக்குள்ள அடைச்சு வச்சான். இப்ப இதுங்க அறுபது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வருதுங்க. வர்றவங்களுக்கு எண்ணா போடுவாங்க?”

“சரி, பேரு வச்சீங்க. எந்தப் பேரு எந்த எண்ணுனு எழுதி வச்சிருப்பீங்கல்ல?”

“எழுத வேண்டிய அவசியமே இல்ல டாக்டர்” என்றாள் மேராஹி, இப்போது கொஞ்சம் தெம்பாக. “ஸ்வீடன்லேருந்து வந்த பத்துக்கும் எங்கம்மா பக்கத்துச் சொந்தக்காரங்க பேரு. உங்க தோட்டத்து ஒன்பதுக்கும் எங்கப்பா பக்கத்துப் பேரு. பேரைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.”

யாராவது தன் சித்தி எந்தப் பக்கத்துச் சித்தி என்று எழுதி வைப்பார்களா? நாற்றங்காலில் அன்றைக்கு அவளுக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

அம்பாரோவின் முகம் கொஞ்சம் இளகியது. உடனே அடுத்த சந்தேகம் வந்தது. “ஆனா எங்க திட்டத்துல ஸ்வீடன் பத்தும் மேல் வரிசை, எங்க ஒன்பதும் கீழ் வரிசைனு போட்டிருந்தோமே. இங்க ஹிலாரியா பக்கத்துல தெபானோ இருக்கார். இவர் எந்தப் பக்கம்?”

“அப்பா பக்கம். நான்தான் எல்லாத்தையும் கலந்து நட்டேன். ஒழுங்குன்னு எதுவும் இல்ல.”

“ஏன்?”

மேராஹி கேவாவைப் பார்த்தாள். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களை எப்படி டாக்டர் வரிசையா வைக்கிறது? பூத்தா தேனீ ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குப் போகும். அண்ணன் தங்கச்சி, டாக்டர். முறை இல்ல.”

அம்பாரோ மேராஹியின் பக்கம் திரும்பினாள். “மேராஹி... ஸ்வீடன்ல இருக்கிறதும் எங்ககிட்ட இருக்கிறதும் எல்லாமே அந்த ஒத்தை மரத்தோட வாரிசுங்கதான். உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும். ஆனா அறுபது வருஷம் வேற வேற ஊர்ல இருந்துச்சுங்களே. நாலு தலைமுறை ஆகியிருக்கும். அது தூரமா, கிட்டவா?”

“மரத்துக்கா?”

“மரத்துக்குத்தான்” என்றாள் மேராஹி. வேகமாகவே சொன்னாள்.

“எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தத் திட்டமே. ரெண்டு ஊர்ல வளர்ந்ததும் ரெண்டு விதமா ஆகியிருக்கா, எது இந்த மண்ணுல தாங்குது, எதோட எது சேர்ந்தா நல்ல விதை வரும்... அதுக்குத்தான் எது எந்தப் பக்கம்னு தெரியணும். எங்களுக்கு வேற மரமே கிடையாது. முறை பார்த்துக்கிட்டு இருந்தோம்னா இது எப்பவோ போயிருக்கும்.”

அவள் மரத்தைத்தான் சொன்னாள். மேராஹிக்கோ காது சுட்டது. இருபது வயதில் கேவாவும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டபோது, அவளுடைய அப்பா எத்தனை தலைமுறை தூரம் என்று விரல் முட்டியைத் தொட்டுத் தொட்டு எண்ணி, “மூணுதான் வருது. முறை இல்ல. அவன் உனக்கு அண்ணன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அக்கரைக்குப் போன கேவா பன்னிரண்டு வருஷம் திரும்பவில்லை. மேராஹி விமான நிலையத்தில் வேலை பார்த்த ஒருவனோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்தாள். அவனுக்கு மாற்றல் வந்தபோது கூடப் போக மனசு வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அவர் எண்ணியது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஊகா துணியை விரித்து எம்பனாடாக்களை எடுத்து வைத்தாள். அம்பாரோ ஒன்றைக் கடித்துக்கொண்டே நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டாள். ஒருபுறம் அம்மா பக்கம், மறுபுறம் அப்பா பக்கம். செத்த எட்டு மரங்களின் பெயர்களையும் சேர்த்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். மேராஹி தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஹிலாரியா அம்மா பக்கம். தெபானோ அப்பா பக்கம். உர்சுலா அம்மா பக்கம், குதிரையிலிருந்து விழுந்த உர்சுலா. அம்பாரோ எழுதிக்கொண்டே வந்தாள்.

“அற்புதம். அம்மா பக்கம் ஒன்பது ஆச்சு, அப்பா பக்கம் எட்டு ஆச்சு. இன்னும் ரெண்டே பேர். பரபினா எந்தப் பக்கம்?”

“அம்மா...” என்று ஆரம்பித்த மேராஹி நிறுத்தினாள்.

“எங்க பக்கம்” என்றாள் ஊகா.

“இல்ல நூவா, அப்பா பக்கமா நினைச்சுத்தான் வச்சேனோ...”

“என்னடி சொல்ற? பரபினா எங்க பாட்டிக்குச் சித்தப்பா மக. எங்க வீட்டுல பொறந்தவ.”

“பொறந்தது அங்க. ஆனா வளர்ந்தது அப்பா வீட்டுல. தாத்தாவோட தங்கச்சியா வளர்ந்தா. மூணு வயசுல தூக்கிக் கொடுத்துட்டீங்களே.”

“நானா கொடுத்தேன்? அவங்க பெண் குழந்தை இல்லன்னு வந்து கேட்டாங்க, எங்க பெரியவங்க கொடுத்தாங்க. கேட்டா கொடுக்கிறது வழக்கம்தானே? கொடுத்ததாலேயே அவ எங்க ரத்தம் இல்லாமப் போயிடுவாளா?”

“வளர்த்தவங்க பிள்ளைன்னுதானே ஊர் சொல்லுது!”

“ஊர் சொல்லும். ஊருக்கென்ன.”

அம்பாரோ ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சரி, இருங்க. ரெண்டு பேர்ல இன்னொருத்தர் யாரு? அவரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா, மிச்சம் இருக்கிற பக்கம் பரபினாதானே? கழிச்சுப் பார்த்துடலாம்.”

அம்பாரோவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு சந்தோஷம். மேராஹி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“மத்தேயோ. பரபினாவோட தம்பி. அவனையும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க.”

“அப்போ அவரும்...”

“ரெண்டு பக்கமும்தான். ஒண்ணா வைக்கக் கூடாதேன்னு அக்காவை ஒரு பக்கமும் தம்பியை ஒரு பக்கமுமாப் பிரிச்சு வச்சேன். யாரை எதுலன்னு...” அவள் குரல் இறங்கியது. “மத்தேயோ மொத வருஷக் காத்துலேயே போயிட்டான்.”

அம்பாரோ எம்பனாடாவைக் கீழே வைத்தாள்.

பத்தொன்பதில் பதினேழு பேருக்குப் பக்கம் உண்டு. மிச்சம் இரண்டே பேர். அந்த இருவரில் உயிரோடு இருப்பவள்தான் தீவிலேயே காய்த்திருக்கும் ஒரே மரம். மேராஹி கண்ணை மூடி, ஐந்து வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலையை இழுத்துவரப் பார்த்தாள். நாற்றங்கால் மேஜை. அரம் கொண்டு விதையின் ஓட்டைக் கீறியது. தண்ணீரில் ஊறப்போட்ட இரண்டு கிண்ணங்கள், ஸ்வீடன் விதைக்கு நீலம், அக்கரைத் தோட்டத்து விதைக்குப் பச்சை. பரபினா நீலக் கிண்ணமா, பச்சைக் கிண்ணமா? நினைவில் கிண்ணம் தெரிகிறது, தன் கை தெரிகிறது, வெளியே கேவா வண்டியிலிருந்து கல் இறக்குகிற சத்தம்கூடக் கேட்கிறது. விதை மட்டும் எதிலிருந்து வந்ததென்று தெரியவில்லை. நீலம் என்று நினைத்தால் நீலமாகத் தெரிந்தது. பச்சை என்று நினைத்தால் பச்சையாகத் தெரிந்தது.

அம்பாரோ அவள் கையைப் பிடித்தாள். “பாருங்க மேராஹி, நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். நான் வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதணும். இந்தக் காயோட தாய் எதுன்னு அதுல இருந்தாகணும். நாற்றங்கால் பொறுப்பாளர் நீங்க. நீங்க நிச்சயமாச் சொன்னா அப்படியே எழுதிக்கிறேன். அடுத்த மாசமே நாற்பது விதையும் வந்துடும்.”

“தெரியலன்னா?”

“இலையை எடுத்துட்டுப் போய் ஆய்வுக்கூடத்துல கொடுக்கணும். பதில் வர அஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு விதைகூட அனுப்ப விடமாட்டாங்க. அப்புறமும் அனுப்புவாங்களான்னு எனக்கு நிச்சயம் இல்ல.”

ஐந்து மாதம். விமானத்துக்கு இருப்பது நான்கு நாள்.

ஸ்வீடன் என்று ஒரு வார்த்தை. அது உண்மையாக இருக்கவும் பாதி வாய்ப்பு உண்டே? பாதிப் பொய்தான். அம்பாரோவின் பேனா காத்துக்கொண்டிருந்தது. மேராஹி தொங்கிய காய்களைப் பார்த்தாள். இதிலிருந்து வரும் விதை நாலு தோட்டத்துக்குப் போகும். ஒவ்வொரு தொட்டியிலும் தாய் பெயர் என்று ஒரு சீட்டுத் தொங்கும். அதை நம்பி எதோடு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள், அதன் பிள்ளைகளுக்கும் அதையே எழுதுவார்கள். தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஒருத்தி ஒரு மத்தியானம் உளறியதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சொல்லிவிட்டால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

கேவா கல்லைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“தெரியல டாக்டர்” என்றாள் மேராஹி. “நிஜமாவே தெரியல.”

அம்பாரோ தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த மேராஹிக்கு அதுவும் கிடைக்கவில்லை. “நன்றி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவள் பையிலிருந்து காகித உறைகளை எடுத்து, மரம் மரமாக இலை கிள்ளப் போய்விட்டாள். எதற்கு நன்றி என்று மேராஹிக்குப் புரியவில்லை.

கேவா கையிலிருந்த கல்லை வைத்தான். அது பொருந்தவில்லை. திருப்பி வைத்தான். பிறகு கடப்பாரையைத் துடைக்கத் தொடங்கினான்.

ஊகா மிச்ச எம்பனாடாக்களை மூடிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் பேசினாள். “பரபினாவுக்கு எங்க பக்கமே போட்டிருக்கணும். உங்கப்பாவும் அன்னைக்கு இதே தப்பைத்தான் பண்ணாரு.”

மேராஹி திரும்பினாள். “என்ன தப்பு?”

“கேவா பரபினாவோட பேரன். உங்கப்பா அவளைத் தன் அத்தைன்னு வளர்த்த கணக்குல எண்ணினாரு. மூணு வந்துச்சு. பெத்த கணக்குல எண்ணியிருந்தா எங்க பக்கமாப் போய்ச் சுத்தி வரும். அஞ்சு வரும்.”

“அஞ்சு வந்தா முறை உண்டா?”

“எங்க வீட்டுல நாலு தாண்டினா போதும்பாங்க. உங்கப்பா வீட்டுல ஆறு கேப்பாங்க. வளர்த்த பிள்ளையும் பெத்த பிள்ளைதான்னு சொல்றவங்களும் உண்டு. அப்படிப் பார்த்தா ரெண்டையும் எண்ணணும்.” ஊகா விரல்களைப் பார்த்தாள், குழம்பினாள், விட்டுவிட்டாள். “எனக்கும் சரியாத் தெரியலடி.”

“இதை ஏன் நூவா அன்னைக்குச் சொல்லல? பதினேழு வருஷம்!”

“என்னை யாரு கேட்டா? நீ உங்கப்பாவைக் கேட்ட. அவரு சொன்னாரு. நீ அழுதுக்கிட்டே போய்க் கதவைச் சாத்திக்கிட்ட. அவன் விமானம் ஏறிட்டான். அப்புறம் நீ அந்த விமானக்காரனைக் கூட்டிட்டு வந்த. சரி, இவளுக்கு அதெல்லாம் மறந்துபோச்சு போலன்னு நான் இருந்துட்டேன்.” அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். “டாக்டர் பொண்ணுக்கு எத்தனை இலை வேணும்னு பார்த்துட்டு வரேன். மொட்டையடிச்சுடப் போறா.”

தாய் போன பிறகும் மேராஹி நின்ற இடத்திலேயே நின்றாள். மூன்றா, ஐந்தா? நீலமா, பச்சையா? தூரமா, கிட்டவா? தலைக்குள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஐந்து வருஷமாக மரங்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டது மரத்துக்காகத்தானா, வளையத்துக்காகவா என்றுகூட அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இனிமேல் கேவாவிடம் கொடுக்க ஒரு வேலையும் இல்லை.

அவள் வளையத்தின் மறுபக்கம் போய் நின்றாள். இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் பரபினா.

“ஸ்வீடன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றான் கேவா, கடப்பாரையைத் துடைப்பதை நிறுத்தாமல். “டாக்டர் எழுதியிருப்பாங்க.”

“சொல்லியிருக்கலாம்.”

“நான் டிக்கெட்டைக் கிழிச்சிருப்பேன்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“பரபினாவுக்கு ஏற்கெனவே ஒருத்தர் தப்பா எண்ணிட்டாரு. நானும் எண்ணணுமா?”

கேவா சிரித்தான். இந்தத் தடவை அது சிரிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் உடனே முகம் மாறிவிட்டது. “நானே கேக்கணும்னு நினைச்சேன். அஞ்சு வருஷமா இந்தக் கல்லைப் பார்க்கிறேன். உங்க வீட்டுல இவ்வளவு பேரு இருக்கும்போது எங்க பாட்டி பேரை எதுக்கு வச்ச?”

“அவ எங்க வீடும்தானே.”

“அது உன் நூவா சொல்றது. நீ எதுக்கு வச்ச?”

மேராஹி சுவரின்மேல் கை வைத்தாள். வெயிலில் கல் சூடேறியிருந்தது. “உங்க வீட்டுப் பேரு ஒண்ணாவது எங்க வீட்டுப் பேருங்களோட இருக்கட்டும்னு. எந்தப் பக்கம்னு யோசிச்சுகூடப் பார்க்கல. அதனாலதான் இப்ப ஞாபகம் இல்ல.”

அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். கீழே அம்பாரோவும் ஊகாவும் எதற்கோ சண்டை போடுகிற சத்தம் காற்றில் துண்டு துண்டாக வந்தது. ஒரு தேனீ பரபினாவின் கடைசிப் பூவைச் சுற்றிவிட்டு, அடுத்த வளையத்துப் பக்கம் பறந்துபோனது.

“சனிக்கிழமை ரெண்டரைக்கு விமானம்” என்றான் கேவா. வேறு எதுவும் சொல்லத் தெரியாதவன் போல.

“கேவா, இங்க பாரு. எனக்கு ஒண்ணும் புரியல. முறை வருதா வரலையான்னு எங்கம்மாவுக்கே தெரியல. விதை வருமான்னு டாக்டருக்குத் தெரியல. உனக்குக் கொடுக்க ஒரு நாள் வேலைகூட என்கிட்ட இல்ல.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இருந்தாலும் கேக்கிறேன். போகாதே. என்கூட இரு.”